முப்பது ஆம்பியர்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் டாக்டர் இராமலட்சுமியின் ஆஸ்பத்திரி இருந்தது. சாரல் காற்றில் மரக்கிளை முறிந்து கம்பியில் விழும், கரண்டு போய்விடும். ஆபரேஷன் அறையில் மயக்க மருந்தான ஈதரின் ஆவி இருக்கும்போது, தீப்பிடித்துவிடும் என்பதால், பெட்ரோமாக்ஸை உள்ளே கொண்டுவர முடியாது. அதனால்தான் 1961 ஆடியில், எல்லா விளக்குகளையும் பாட்டரியில் எரியவைக்கும் வேலையைத் துல்கர்னைனிடம் ஒப்படைத்தார்.

துல்கர்னைன் பட்டாளத்தில் வயர்லெஸ் பாட்டரிகளைப் பார்த்துக்கொண்டவன். விளக்குகள் பத்து ஆம்பியர் இழுக்கும். எட்டு மணி நேரம் கரண்டு இல்லாவிட்டால் பாட்டரியில் எண்பது ஆம்பியர்-மணி குறையும். அதை எட்டு மணி நேரத்தில் திரும்ப ஏற்ற, மெயின் கரண்டை பாட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பத்து ஆம்பியர் ரெக்டிபையர் போதும் என்று கணக்குப் போட்டு, ஒன்றை வரவழைத்து மாட்டினான்.

சோதனை நாளன்று காலை எட்டு மணிக்கு மெயினை அணைத்தான். மாலை நாலு வரை விளக்குகள் மங்காமல் எரிந்தன. நர்ஸ் சொக்கம்மாள் கைதட்டினாள். சிரித்துக்கொண்டே மெயினைப் போட்டான். ரெக்டிபையர் முழு மூச்சாக ஓடியது. ஆனால் பாட்டரிக்குள் போகும் ஆம்பியரைக் காட்டும் முள் பூஜ்யத்திலேயே கிடந்தது.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. ரெக்டிபையர் கொடுக்கிற பத்தையும் விளக்குகளே தின்றுகொண்டிருந்தன. ஏற்றுகிற நேரத்திலும் விளக்கு எரியும் என்பதை மறந்தே போயிருந்தான்!

அந்த நேரம் பார்த்துக் கீழப்பாவூரிலிருந்து பிரசவ வலியில் துடிக்கும் ஒரு பெண்ணோடு ஒரு வில்வண்டி வந்து நின்றது. இரட்டைப் பிள்ளை, குறுக்கே கிடக்கிறது; ஆபரேஷன்தான் வழி. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் திருநெல்வேலியிலிருந்து ஆறு மணிக்குத்தான் வர முடியும்.

"டாக்டரம்மா, எங்கணக்கு தப்பிட்டு. கரண்டு போனா, பாட்டரியில ரெண்டு மணி நேரத்துக்குத்தான் இருக்கு," என்றான் துல்கர்னைன்.

"ஆறு மணிக்குள்ள ஏத்த முடியுமா?"

வெளியே மழை இருட்டு. வார்டு விளக்குகளை அணைக்கவும் வழியில்லை. அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு தென்காசிக்குப் பறந்தான். அக்காள் புருஷன் கிதிர் முகம்மதுவின் பஸ் ஷெட்டில், பஸ் பாட்டரிகளுக்கு ஏற்றுகிற ரெக்டிபையர்கள் இரண்டு இருந்தன. இரண்டும் பத்துப் பத்து ஆம்பியர்.

"மச்சான், ரெண்டையும் கழத்துதேன்!"

"ஏலே, என்ன பிடுங்குத? பஸ்ஸு கிளம்புற நேரம்!"

விஷயத்தைக் கேட்டதும் கிதிர் முகம்மது குற்றாலம் பஸ்ஸிலேயே இரண்டையும் ஏற்றச் சொன்னார். அருவிக்குக் குளிக்கப் போனவர்கள் தோளில் துண்டோடு இறங்கி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆஸ்பத்திரிக்குள் தூக்கி வந்தார்கள்.

ஐந்தேகாலுக்கு மூன்றையும் சேர்த்து இணைத்தான். முள் துள்ளி எழுந்து இருபதில் நின்றது!

"ஏறுது! டாக்டரம்மா, ஏறுது!"

ஆறேகாலுக்கு ஆபரேஷன் தொடங்கியது. ஆறரைக்குக் கரண்டு போனது. தெரு முழுக்க இருண்டது. ஆஸ்பத்திரி விளக்குகள் மட்டும் இமைக்கவே இல்லை. துல்கர்னைன் வோல்ட் மீட்டரையே பார்த்தான். முதல் அழுகை கேட்டது. நாலு நிமிஷத்தில் அதைவிடப் பலமாக இரண்டாவது.

கையைத் துடைத்துக்கொண்டு டாக்டர் வெளியே வந்தார். "தாயும் பிள்ளைகளும் நல்லா இருக்காங்க. இப்பச் சொல்லுங்க, நமக்கு எத்தனை ஆம்பியர் வேணும்?"

"விளக்குக்குப் பத்து, பாட்டரிக்குப் பத்து, ஏத்துறப்போ வீணாப் போறதுக்கு ரெண்டோ மூணோ. இருபத்தஞ்சுக்குக் குறையக் கூடாதும்மா. ஆனா பத்துலயே மூணா வாங்கிப் போட்டா, ஒண்ணு படுத்தாலும் மத்த ரெண்டும் தாங்கும்."

"அப்ப இன்னும் ரெண்டுக்கு இன்னைக்கே மெட்ராஸுக்கு எழுதுங்க."

கடிதத்தை அங்கேயே உட்கார்ந்து எழுதினான். இந்தத் தடவை கணக்கை இரண்டு முறை சரிபார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே உறையை ஒட்டினான்.