முதல் தந்தி

"தந்தியைத் தாங்குற பிரிட்ஜைத் தொடாத. அது இருக்கிற இடத்துல இருக்கட்டும்."

"நகர்த்தலைக்கா. அடியில காகிதம்தான் வைக்கிறேன்."

"காலையில தீப்பெட்டி அட்டை வெச்ச. அப்புறம் தந்தியை இறக்கின, ஏத்தின. இப்ப காகிதம். நாளைக்கு ஒலிப்பதிவை வெச்சுக்கிட்டு இன்னைக்கு எதுக்குடா இந்தப் பாடு படுத்துற?"

நான் காகிதத்தை இன்னொரு மடிப்பு மடித்தேன். அக்காவின் பேஸ், ஒத்திகை அறையின் நடுவில் மூன்று கால் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தது. ஆளுயர மின் பேஸ், கனத்த கீழ்ச்சுரங்கள் வாசிக்கிற தந்தி வாத்தியம். வயிறு என்று ஒன்று கிடையாது. ஒரு நீண்ட கழுத்து, கீழே ஒரு கட்டை, நான்கு தந்தி, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த முதல் நாளே அம்மா அதற்கு ஒட்டடைக்கம்பு என்று பெயர் வைத்துவிட்டாள்.

வயிறு இல்லாததால் அது தானாகப் பேசாது. தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் அடியில் பிக்கப் புதைந்திருக்கிறது. அதிர்வை அதுதான் வாங்கி, தரையில் இருக்கும் சின்னப் பெட்டிக்கு அனுப்பும். ஆனால் நான்கு தந்தியையும் அது ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. பருத்த நான்காம் தந்தி மெத்தென்று அமுங்கிப்போகும். மெல்லிய முதல் தந்தி தகரத்தில் ஆணி கீறுவதுபோலத் துள்ளிக்கொண்டு வரும். காகிதம் வைத்து, உயரம் மாற்றி, பெட்டியில் உள்ள குமிழ்களைத் திருகி, நான்கையும் சமாதானப்படுத்தி வைக்கவேண்டும்.

இன்றைக்குக் காகிதத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் வைத்தேன். வைக்கிற வரைக்கும் பேச வேண்டியதில்லை.

"இப்ப வாசிக்கா."

அவள் நான்காம் தந்தியிலிருந்து முதல் தந்தி வரை நிதானமாக ஏறினாள். மூன்று தந்திகள் வரை நன்றாக இருந்தது. முதல் தந்தியைத் தொட்டதும் ஸ்பீக்கர் கீறியது. என் பல் கூசியது. அக்காவின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"சமமாத்தானே இருக்கு," என்றாள். "இன்னும் சொல்லப்போனா முதல் தந்தி கொஞ்சம் மந்தம்." குனிந்து பெட்டியில் கூர்மையைக் கூட்டும் குமிழைத் திருகப் பார்த்தாள். அது ஏற்கெனவே கடைசி வரை போயிருந்தது.

நாங்கள் இருவரும் பியானோக்காரரின் குழுவில் இருக்கிறோம். ஓர் ஓட்டலின் முன்கூடத்தில் வாரத்துக்கு நான்கு மாலைகள். அக்கா வாசிப்பாள், ஒலிமேசை என் பொறுப்பு. அவள் பெட்டியிலிருந்து கம்பி நேரே என் மேசைக்கு வரும். மேடையில் இருப்பவர்களுக்கும் கேட்க வந்தவர்களுக்கும் நான் அனுப்பும் சத்தம்தான் போய்ச் சேரும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாலை அந்தக் கீறலை முதலில் கேட்டேன். கம்பியில் கோளாறு என்று நினைத்து மாற்றினேன். அடுத்த வாரம் பெட்டியைத் துடைத்தேன். பிறகுதான் அவள் குமிழைப் பார்த்தேன். வாரத்துக்கு ஒரு நூலளவு அது ஏறிக்கொண்டிருந்தது. பதினோரு வருஷமாக டிரம்ஸ்காரரின் வெண்கலத் தகட்டுக்குப் பக்கத்தில் நின்றவள்; கூரான சத்தங்கள் அவள் காதுக்கு எட்டாமல் போய்க்கொண்டிருந்தன. அவள் ஏற்ற ஏற்ற, நான் மேசையில் இறக்கினேன். சொன்னால் மனசொடிந்து வாசிப்பதையே விட்டுவிடுவாள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

நாளைக்குப் பதிவு வேறோர் இடத்தில். அங்கே மேசையில் வேறு ஆள். அதைவிட மோசம், பியானோக்காரர் போட்டிருக்கும் நிபந்தனை. வாசிக்கிற கையிலிருந்து வருவது அப்படியே பதிவாக வேண்டும், யாரும் ஏற்றி இறக்கக் கூடாது. "உங்க அக்கா இருக்க எனக்கென்னய்யா கவலை? நாலு தந்தியும் ஒரு வயித்துப் பிள்ளைங்க மாதிரியில்ல பேசுது," என்று போன வாரம் என் முதுகில் தட்டினார். அந்தப் பதிவைக் கேட்டுத்தான் வருகிற வருஷத்துக்குக் குழுவில் யார் யார் என்று முடிவு செய்வார். சுருதி அரை இழை நழுவியதற்காக டிரம்பெட்காரரை அனுப்பியவர் அவர். அக்காவுக்கு இந்தக் குழுவை விட்டால் வேறு போக்கிடமில்லை.

ஜன்னலுக்கு வெளியே மழை வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கீழே சலவைக் கடையில் எந்திரம் உருண்டது.

"அந்த எந்திரத்தை முதல்ல நிறுத்தச் சொல்லணும். என் நாலாம் தந்தியோட சண்டைக்கு வருது," என்றாள்.

"அது கேக்குதா?"

"கேக்காம? காதுக்குள்ளயே துணி துவைக்கிறான்."

"அப்ப இது?"

"எது?"

வெளிநடையில் புகை வந்தால் எச்சரிக்கும் கருவி, பேட்டரி தீர்ந்துபோய், நிமிஷத்துக்கு ஒருமுறை கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. மூன்று நாளாகக் கத்துகிறது. எதிர் அறைத் தையல்காரர் இரண்டு முறை வந்து திட்டிவிட்டுப் போனார். நான் விரலை உயர்த்திக் காத்திருந்தேன். அது கத்தியது. விரலை மடக்கினேன்.

அக்கா என் விரலைப் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள். நான் மறுபடி விரலை உயர்த்தினேன். இன்னொரு நிமிஷம். கத்தியது. மடக்கினேன்.

"என்னடா விளையாட்டு இது," என்றாள். குரல் விளையாட்டாக இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். சொல்லி முடித்தபோது அவள் பேஸின் கழுத்தை விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷம். அப்ப அந்த ஓட்டல்காரன் எழுந்து நின்னு கை தட்டினது எனக்கில்ல. உனக்கு."

"அப்படியில்லக்கா."

"பின்ன எப்படி? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீ அதைச் சமைச்சு எனக்கே பரிமாறியிருக்க."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. எழுந்து வந்து, பெட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.

"எவ்வளவு இறக்கணுமோ இறக்கு."

இறக்கினேன். பாதிக்கும் கீழே. அவள் வாசித்தாள். "கம்பளிக்குள்ள கையை விட்டு வாசிக்கிற மாதிரி இருக்கு," என்றாள். கீறல் போயிருந்தது. ஆனாலும் முதல் தந்தி மற்ற மூன்றையும் இடித்துக்கொண்டு முன்னால் வந்தது. அப்போதுதான் நான் இதுவரை கவனிக்காத ஒன்றைப் பார்த்தேன். முதல் தந்திக்கு வரும்போது அவள் விரல் கொக்கிபோல வளைந்தது. கேட்காத தந்தியை அவள் இத்தனை நாளாக ஓங்கி இழுத்துக்கொண்டிருக்கிறாள்.

"குமிழ் மட்டும் இல்லக்கா. கையும்தான்."

"கை என்ன பண்ணிச்சு?"

"முதல் தந்தியை அடிக்கிற. நுனியால கொத்தாத. விரலோட பக்கவாட்டுச் சதையால தொடு. மெதுவா."

தொட்டாள். "இன்னும் மெதுவா," என்றேன். தொட்டாள். "இன்னும்."

"இதுக்கு மேல போனா எனக்கு ஒண்ணுமே இருக்காதுடா. காத்தைத் தடவுற மாதிரி."

"அந்த அளவுதான்."

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, நாளைக்கான மெட்டை முதலிலிருந்து எடுத்தாள். மெட்டு நான்காம் தந்தியில் தொடங்கி, போகப்போக மேலே ஏறி, கடைசிப் பகுதி முழுவதும் முதல் தந்தியிலேயே நடக்கும். தயங்கித் தயங்கித்தான் ஏறினாள். இருட்டு வீட்டில் சுவரைத் தடவி நடக்கிறவளைப்போல, அடுத்த சுரம் இருக்கும் என்கிற நம்பிக்கையில் விரலை வைத்தாள். இருந்தது. நான்கு தந்தியும் ஒரே கனத்தில், ஒன்றையொன்று முந்தாமல் வந்தன. மேசையில் இரண்டு வருஷம் இறக்கியும் ஏற்றியும் எனக்கு ஒருநாளும் கிடைக்காத ஒலி அது. நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

கடைசிப் பகுதியில் அவள் முகம் வெறுமையாக இருந்தது. மேளம் நின்றபிறகும் தலையாட்டிக்கொண்டிருப்பவரின் முகம். கடைசிச் சுரம் அடங்கி, ஸ்பீக்கர் அமைதியான பிறகும் அவள் விரல் தந்தியின்மேலேயே இருந்தது. அதிர்வு நின்றுவிட்டதா என்று தொட்டுப் பார்க்கிறாள் என்று புரிந்தது.

"முடிஞ்சுதா?"

தலையாட்டினேன்.

"இப்படியே வாசிச்சா நாளைக்கு அவர் என்னை வெச்சுக்குவாரா?"

"வெச்சுக்குவார்."

அவள் பெட்டியை அணைத்தாள். கம்பியை உருவி, முழங்கையில் சுற்றத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தினாள்.

"கடைசிப் பகுதி எனக்குக் கேக்கல. துளிகூட. நீ கேட்டல்ல, அது எப்படி இருந்துதுன்னு சொல்லு. நல்லா இருந்துதுன்னு சொல்லாத, அதைத்தான் ரெண்டு வருஷமா சொல்லிட்ட. எப்படி இருந்துதுன்னு சொல்லுடா."