ஜெரூஷாவின் சாட்சி

முடிச்சூரில் அந்த டிசம்பர் விடியலில் ஜெரூஷா கண் விழித்தபோது மழை நின்றிருந்தது. எங்கும் ஒரு சத்தமும் இல்லை. ஜன்னலைத் திறந்தாள். தெரு இருந்த இடத்தில் வானம் கிடந்தது. யாருடைய சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியோ அதன்மேல் மெல்லச் சுழன்றபடி போய்க்கொண்டிருந்தது. பின்னாலேயே ஒரு கேஸ் சிலிண்டர். அடையாறு எப்போது எழுந்து வந்ததென்றே தெரியவில்லை.

வாசலில் அவள் கணவன் எலியேசர் மண்டியிட்டிருந்தான். மேல்படிக்கு ஒரு படி கீழே தண்ணீர் நின்றது.

"இதுக்கு மேல வேணாம் ஆண்டவரே."

தண்ணீர் அதற்கு மேல் ஏறவில்லை.

பக்கத்து வீட்டு மொட்டைமாடியிலிருந்து தாயாரம்மாள் கூப்பிட்டாள். "எலியேசரு, அவரு கீழ கீறாரு. என்னால தூக்க முடியல."

அவள் கணவர் ஏகநாதன், பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகக் கீழறைக் கட்டிலில் கிடந்தவர். எலியேசர் மார்பளவுத் தண்ணீரில் இறங்கிப் போனான். மிதந்து வந்த ஃபிரிட்ஜ் அறைக்கதவின் பின்னால் சாய்ந்து அடைத்திருந்தது. தோளால் இடித்து இடித்து அவன் உள்ளே போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

மத்தியானம் மீட்புப் படகில் ஏகநாதனைக் கொண்டுபோனார்கள். விளக்குக் கம்பங்களுக்கு நடுவே படகு சத்தமில்லாமல் போய் மறைந்ததை ஜெரூஷா பார்த்தாள். அதன் பிறகு வந்த நாட்களெல்லாம் அவளுக்குத் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோலவே இருந்தன. யார் பேசினாலும் தூரத்திலிருந்து கேட்டது.

தாயாரம்மாள் இவர்கள் வீட்டில்தான் தங்கினாள். தண்ணீர் வடிந்ததும் இரண்டு பேருமாக அந்த வீட்டுச் சேற்றை வழித்தார்கள். சுவரில் மார்பளவு உயரத்தில் பழுப்புக் கோடு.

"உங்க மனைய எங்க வூட்டுக்காரருதான வித்தாரு," என்றாள் தாயாரம்மாள், துடைப்பத்தை நிறுத்தாமல். "தாழ்வான எடம், மண்ணு கொட்டி நல்லா ஏத்திக் கட்டுன்னு எலியேசர் கிட்ட சொன்னாரு. எங்க வூட்ட அப்படியே வுட்டுட்டாரு."

ஜெரூஷா சேற்றை வாளியில் அள்ளினாள்.

"உன் சாமி உன்னக் காப்பாத்திச்சு. நல்லதுதான். எங்க சாமிக்கு நாங்க இன்னா கொறை வச்சோம்னுதான் புரியல."

சனிக்கிழமை பாஸ்டர் ஜெர்சன் போன் செய்தார். "சிஸ்டர், உங்க தெருவுல உங்க வீடு மட்டும் தப்பிச்சிருக்கு. நாளைக்கு ஆராதனையில ஆண்டவர் செஞ்சத சாட்சியா சொல்லுங்க. சபைக்கு ஆறுதலா இருக்கும்."

மறுநாள் சபையில் பாதி நாற்காலிகள் காலி. வந்தவர்களின் உடையில் ஈரவாடை. ஜெரூஷா மைக்கைப் பிடித்தாள்.

"எங்க வீட்டுக்குள்ள தண்ணி வரல. என் வீட்டுக்காரர் ஜெபம் பண்ணாரு, அதனாலன்னு சொல்லத்தான் வந்தேன். பக்கத்து வீட்ல தாயாரம்மா அக்காவும் அவங்க சாமிய கும்பிட்டாங்க. ஏகநாதன் அண்ணா செத்துட்டாரு. நாங்க மண்ணக் கொட்டி ஏத்திக் கட்டினோம். எங்க மேட்டுல முட்டின தண்ணி அவங்க பக்கம் போச்சோ என்னவோ. இத அற்புதம்னு சொல்ல எனக்கு வாய் வரல. மன்னிச்சிக்குங்க."

மைக்கை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. எலியேசர் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு அவள் கையைப் பிடித்தான்.

ஜெர்சன் பிரசங்க மேடையில் குறிப்புத் தாளை மடித்து வைத்தார். "ஆண்டவர் இந்த வெள்ளத்த கோபத்துல அனுப்பினாரு, சோதிக்க அனுப்பினாரு, இந்த ரெண்டுல ஒண்ணப் பேசலாம்னு எழுதி வச்சிருந்தேன்," என்றார். "அத இப்போ பேச முடியாது. சிலுவையில தொங்கினவரும் 'ஏன் என்னைக் கைவிட்டீர்'னுதான் கேட்டாரு. அப்போ வானத்துலேர்ந்து பதில் வரல. அவரு நம்மகூட சேந்து கேக்கறாருன்னு மட்டும் நம்பறேன். வாங்க, கொஞ்ச நேரம் பேசாம இருப்போம்."

திங்கட்கிழமை காலை ஜெர்சன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு தாயாரம்மாள் வீட்டுக்கு வந்தார். சபையிலிருந்து ஆறு பேர் கூட வந்தார்கள். அவரைப் பார்த்ததும் தாயாரம்மாள் கேட்டாள்: "நீங்க சாமியாரா? எங்க வூட்டுக்காரரு தண்ணிக்குப் போற அளவுக்கு இன்னா பாவம் பண்ணாரு?"

"ஒண்ணும் பண்ணலம்மா," என்றார் அவர்.

தாயாரம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை நாளும் அழாதவள், சேற்றுத் தரையில் உட்கார்ந்து சத்தமாக அழுதாள். ஜெரூஷா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். காதில் அடைத்திருந்த தண்ணீர் வெளியேறியதுபோல, அந்த அழுகை அவளுக்கு மிகக் கிட்டத்தில் கேட்டது. மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டு, அது ஓயும்வரை அங்கேயே நின்றார்கள்.