பத்துக்கு ஒன்பது

அந்த மருத்துவமனைப் பயிற்சிக் கூடத்தில் எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டப்படாத விதி ஒன்று இருந்தது. எப்படி இருக்கிறது என்று யார் கேட்டாலும் 'பரவாயில்லை' என்றுதான் சொல்ல வேண்டும். இடுப்பெலும்பு முறிந்து, இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடை பழகிக்கொண்டிருந்தவர் அதைத்தான் சொன்னார். ரப்பர் பந்தை அமுக்க முயன்று தோற்றுக்கொண்டே இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியையும் அதைத்தான் சொன்னார். 'முடியவில்லை' என்பது வாயிலிருந்து விழுந்தால் அடுத்தவர் காலையும் இடறிவிடும் என்பதுபோல எல்லாரும் அதை உள்ளேயே விழுங்கிக்கொண்டார்கள்.

ஏழு வாரங்களாகக் கணவரைச் சக்கர நாற்காலியில் வைத்து அங்கே தள்ளிவரும் அவளுக்கு இந்த விதி முதல் நாளே பிடிபட்டுவிட்டது. பக்கவாதம் அவருடைய வலது கையையும் காலையும் சாய்த்ததோடு நிற்காமல் பேச்சையும் வாரிக்கொண்டு போயிருந்தது. கேட்பதெல்லாம் புரியும், பொருள் தெரியும், பெயர்தான் வராது. 'பரவாயில்லை' என்ற ஒன்று மட்டும், அறுபத்தெட்டு ஆண்டுப் பழக்கத்தில் நாக்கின் தடத்திலேயே தங்கிவிட்டதாலோ என்னவோ, வழுக்கிக்கொண்டு வந்தது.

"உங்க வீட்டுக்காரர்தாம்மா இங்க முதல் மார்க். நான் எது கேட்டாலும் ஒரே பதில். சண்டைக்கே வழியில்ல, குடுத்துவெச்சவங்க நீங்க!" என்பார் கம்பிக்காரர். "நான் வாயத் தொறந்தா எங்க வீட்ல போர் மூளும்."

அவள் சிரித்துவைப்பாள். இருபத்தொன்பது ஆண்டுகள் ஓட்டுநர் உரிமத் தேர்வு அதிகாரியாக இருந்தவர் அவர். தேர்வுக்கு வந்தவனுக்கு ஓரமாக நின்று மாமனோ மச்சானோ 'இடது பக்கம் ஒடி' என்று கைச்சாடை காட்டுவதை வண்டிக்குள் இருந்தபடியே மோப்பம் பிடித்து, "நாளைக்கு ரோட்ல அவரையும் கூடவே கூட்டிட்டுப் போவியா?" என்று அவனைத் திருப்பி அனுப்பிவிடுவார். அப்படிப்பட்டவரிடம், பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒரு படப் புத்தகத்தை விரித்து, "இது என்ன சார்?" என்று கேட்டபோது, படத்தில் இருந்தது வெறும் சீப்பு. அவர் நெற்றியில் வேர்வை அரும்பியது. பயிற்சிப்பெண் குறிப்பேட்டில் குனிந்திருந்தாள். மேசைக்கு எதிர்ப்புறம் இருந்த மனைவிக்குப் படம் தலைகீழாகத் தெரிந்தது. அவளையும் அறியாமல் அவள் உதடுகள் ஓசையின்றி விரிந்தன. அவர் கண்கள் அவள் வாயில் வந்து நின்றன. "சீ... சீப்பு."

அன்று தொடங்கியதுதான். பூட்டு, வாளி, மணி. முதலெழுத்தை உதட்டில் காட்டினால் போதும், மீதியை அவர் எட்டிப் பிடித்துவிடுவார். ஒவ்வொரு விடைக்குப் பின்னும் அவர் அவளை ஒருமாதிரி பார்ப்பார். அதை நன்றி என்றே அவள் எடுத்துக்கொண்டாள். மதிப்பெண் ஏற ஏற, வீட்டுக்குப் போகும் நாள் நெருங்கும் என்பது அவளுடைய கணக்கு. மருத்துவமனைக் கட்டிலுக்குப் பக்கத்து பெஞ்சில் ஏழு வாரம் முதுகை ஒடுக்கிப் படுத்தவளுக்கு வேறு எந்தக் கணக்குத்தான் தோன்றும்?

ஒத்திகையாக ஒரு நாள் வீட்டில் இருந்துவிட்டு வரச் சொல்லி, சனிக்கிழமை அனுப்பினார்கள். குளியலறையில் அவரை முக்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் விளாவிக் கொடுத்து, "எதுனா வேணும்னா கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டாள்! மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தபோது எங்கோ டக் டக்கென்று சத்தம் கேட்டது. மாடி வீட்டில் ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். மிக்ஸியை நிறுத்திய பிறகும் கேட்டபோதுதான் ஓடினாள். முக்காலி சரிந்து, சுவருக்கும் வாளிக்கும் இடையே ஒருக்களித்துக் கிடந்தார். இடது கையிலிருந்த குவளையால் வாளியைத் தட்டிக்கொண்டிருந்தார். அடி ஒன்றும் படவில்லை. அவளைப் பார்த்ததும் அவர் வாய் திறந்தது. "பரவாயில்லை" என்றார். கண்களில் தெரிந்தது அதற்கு நேர் எதிரானது. இத்தனை நாளும் அந்தக் கண்களில் இருந்தது நன்றியே அல்ல, தவிப்பு என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

திங்கட்கிழமை கூடத்தின் மூலை மேசையில் தலைமை மருத்துவர் உட்கார்ந்தார். பக்கத்தில் பயிற்சிப்பெண்ணும், சக்கர நாற்காலியில் அவள் கணவரும்; எதிரே அவள்.

"மூணு வழி இருக்கும்மா. இங்கயே இன்னும் மூணு வாரம் தங்கி நடை, கை, பேச்சு மூணுக்கும் தினம் பயிற்சி எடுக்கலாம். இல்ல, காலைல வந்துட்டு சாயங்காலம் போகலாம். மூணாவது, வீட்டுக்கே போயிடறது. கை கால் பயிற்சிக்கு பிசியோ மட்டும் வாரத்துக்கு ரெண்டு தடவ அங்க வருவார். பேச்சுல சார் பத்துக்கு ஒன்பது வாங்கியிருக்கார். அதனால பேச்சுப் பயிற்சிய நிறுத்திட்டு மூணாவதுக்கே போகலாம்னு தோணுது. கட்டிலுக்கும் ஆள் காத்திட்டிருக்காங்க." காகிதத்திலிருந்து நிமிர்ந்தார். "சனிக்கிழமை வீட்ல எப்படி இருந்துச்சு?"

விடிந்ததிலிருந்து அவள் உருப்போட்டு வைத்திருந்தாள்: 'அந்த ஒம்பதும் என்னோடது டாக்டர்.' சொல்ல வாயெடுத்தாள். பந்தை அமுக்கிக்கொண்டிருந்த தலைமையாசிரியை தலையைத் திருப்பினார். கம்பிக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"பரவாயில்லைங்க" என்றாள்.

பயிற்சிப்பெண் அவளைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு படம் பாத்துடலாமா சார்?" புத்தகத்தைப் பிரித்துவைத்தாள். விரித்த குடை ஒன்று, எதிரே இருந்தவளுக்குத் தலைகீழாக. "இது என்ன?"

சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று அவள் பல்லைக் கடித்தாள். ஆனால் அவர் நெற்றியில் வேர்வை துளிர்ப்பதைக் கண்டதும் மனது கேட்கவில்லை; உதடுகள் தாமாகக் குவிந்தன. வழக்கம்போல அவர் பார்வை அவள் வாயைத் தேடி வந்தது. வந்து, ஒரு கணம் நின்றது.

அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"தூக்கம் வருதா சார்?" என்றார் மருத்துவர்.

இல்லை என்று தலை அசைந்தது. தாடை ஒருபக்கம் கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது. "மு..." என்றார். மூச்சு வாங்கினார். மேசை விளிம்பை இடது கையால் பற்றிக்கொண்டார். "முடி..."

"என்ன சார்? மெதுவா சொல்லுங்க" என்றாள் பயிற்சிப்பெண், பேனாவைக் கீழே வைத்துவிட்டு.

"முடியல."

கூடம் முழுக்கக் கேட்கும்படி இன்னொரு முறையும் சொன்னார். "முடியல."

ரப்பர் பந்து தலைமையாசிரியையின் மடியிலிருந்து விழுந்து உருண்டுபோனது. யாரும் அதை எடுக்கவில்லை. கம்பிக்காரர் தூக்கிய காலைக் கீழே வைக்க மறந்து நின்றார். அவள் கணவர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. பார்க்க யாரும் இல்லாமல், அவள் உதடுகள் மட்டும் 'கு'வில் குவிந்தபடியே இருந்தன.