வினோஜன் சைக்கிள் ஓடிய ஞாயிறு

மன்னாரிலிருந்து ஜொய்சி மொன்றியலுக்கு வந்து இறங்கியபோது கடும் பனிக்காலம். கணவன் வினோஜன் சிறுவயதிலேயே இங்கு வந்தவன். ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை. நல்லவன்தான். ஆனால் பேச்சுக் குறைவு. செயின்ட்-மிஷேல் பகுதியிலிருந்த அவர்களுடைய வீட்டில் "சாப்பிட்டீரோ?", "ஓம்" என்பதோடு பல நாட்கள் முடிந்துபோயின.

மே மாதத்து ஞாயிறு ஒன்றில், தேவாலயத்தில் பூசை முடிந்ததும், "செர்ரி பூத்திட்டுதாம். பாக்கப் போவமே?" என்றான்.

மெட்ரோ ஆற்றுக்கு அடியால் ஓடி அவர்களைத் தீவுப் பூங்காவில் இறக்கியது. வாசலில் வாடகைச் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. ஜொய்சியின் முகம் மலர்ந்தது.

"சைக்கிள் எடுப்பமே?"

அவன் ஒரு கணம் தயங்கி, இரண்டு எடுத்தான்.

அவள் ஏறியதுதான் தெரியும். பாதையின் இருபுறமும் வெளிர்சிவப்பு மேகங்கள் தாழ இறங்கி நின்றதுபோல மரங்கள். இதழ்கள் விழுந்துகொண்டேயிருந்தன. சக்கரங்களுக்குச் சத்தமில்லை. தான் மிதப்பதுபோலக்கூட அவளுக்குத் தோன்றியது. நெடுந்தூரம் போன பிறகே திரும்பிப் பார்த்தாள். வினோஜன் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்து வந்தான்.

அவள் திரும்பிப் போனாள். "என்ன, சில்லுக்குக் காத்துப் போயிட்டுதோ?"

"இல்லை. எனக்கு ஓடத் தெரியாது. நீர் சிரிக்கக்கூடாது."

அவள் சிரித்துவிட்டாள். பனிக்காலம் முழுக்க அடைந்து கிடந்த சிரிப்பு. அவனுக்கும் தொற்றிக்கொண்டது.

"ஏறுங்கோ. நான் பிடிக்கிறன். நிலத்தைப் பாக்காதேங்கோ, மரத்தைப் பாருங்கோ."

தன் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு, அவனுடைய சைக்கிள் சீற்றைப் பிடித்தபடி அவள் ஓடினாள். சைக்கிள் இடமும் வலமும் ஆடியது. பிறகு ஆட்டம் அடங்கியது. வேகம் கூடக் கூட அவளுக்கு மூச்சு வாங்கியது. அவளது விரல்களிலிருந்து சீற் தானாகவே நழுவியது.

"பிடிச்சிருக்கிறீரோ?" என்று கத்தினான். அவள் பாதை நடுவிலேயே நின்றுவிட்டாள்.

அவன் பூக்களுக்குள்ளே போய்க்கொண்டிருந்தான். அவனுடைய நீலச் சட்டை இதழ்களிடையே மங்கி, கனவில் கண்ட ஒருவனுடையதைப் போலத் தெரிந்தது.

"ஜொய்சி! எப்பிடி நிப்பாட்டுறது?"

அவன் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததே அன்றுதான். "பிறேக்கைப் பிடியுங்கோ!" என்று சொல்வதற்குள் புல்லுக்குள் இறங்கிச் சாய்ந்துவிட்டான்.

ஓடிப்போய்ப் பார்த்தாள். காயமில்லை. தலைமயிரெல்லாம் இதழ்களோடு மல்லாந்து கிடந்தான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் தன் பள்ளிக்காலத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான்; சொல்லிக்கொண்டே இருந்தான். அவள் இடையிடையே கேள்வி கேட்டாள். வெயில் மரங்களின் மறுபக்கத்துக்குப் போனது இருவருக்கும் தெரியவில்லை.

கடைசியில் அவன் எழுந்து சைக்கிளை நிமிர்த்தினான்.

"இன்னொருக்கா பிடிப்பீரோ?"

"ஓம், ஏறுங்கோ."