ஐரிஷ் பாட்டுக்கு விழுந்த கைதட்டு

சிட்னிக்கு வந்த இரண்டாம் வருடம், 1976இல், சச்சிதானந்தனுக்கு ஓர் ஐரிஷ் பாட்டின் மேல் பைத்தியம் பிடித்தது. பாலம் கட்டும் கம்பனி ஒன்றில் அவருக்கு வரைபடம் கீறும் வேலை. பக்கத்து மேசைக்காரன் பிரெண்டன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதை முணுமுணுப்பான். கடலுக்குப் போய்த் திரும்பாத மகனைத் தாய் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற நாட்டுப்பாட்டு. அயர்லாந்தில் பிரெண்டனின் தமையன் மீன்பிடிக்கப் போய்ச் செத்த பிறகு, அவனுடைய அம்மா தன் மகனின் பெயரை வைத்தே அதைப் பாடுவாளாம். சொல்லும்போது பிரெண்டனின் கண் கலங்கியிருந்தது.

சச்சிதானந்தன் கொழும்பில் கிற்றார் பழகியவர். ஹோம்புஷ் பகுதியிலிருந்த தன் பிளாட்டில் சனிக்கிழமைகளில் உட்கார்ந்து, அந்தப் பாட்டைத் தன் கைக்கு ஏற்றபடி ஆக்கினார். தடித்த தந்தியைப் பெருவிரலால் விடாமல் மீட்டிச் சுருதிபோல் ஓடவிட்டார். தாய் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடம் வந்ததும் மெல்லிய தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, சுரத்தை அசைத்து அசைத்து இறக்கினார். குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த மனைவி பவளம் கத்தியை வைத்துவிட்டு வந்தாள்.

"உது ஆரோ அழுற மாதிரியெல்லோ கிடக்கு" என்றாள்.

ஒருநாள் வீட்டுக்கு வந்து அந்த வாசிப்பைக் கேட்ட பிரெண்டன்தான் ஒரு ஞாயிறு பின்னேரம் ஒரு பப்பின் பின்னறைக்கு அவரைக் கூட்டிப்போனான். வாராவாரம் அங்கே நாட்டுப்பாட்டுக்காரர்கள் கூடுவார்கள். கூட்டத்தை நடத்திய டெஸ் என்ற செந்தாடிக்காரன் எழுந்து, "இந்தியாவிலிருந்து நேரே வந்த பாம்பாட்டி!" என்று அறிவித்தான்.

"நான் சிலோன்" என்றார் சச்சிதானந்தன். யார் காதிலும் விழவில்லை. டெஸ் மேசை துடைக்கும் ஈரத் துவாயை எடுத்து அவர் தலையில் தலைப்பாகையாகச் சுற்றினான். புளித்த பியர் காதோரமாக வழிந்து சட்டைக் கழுத்துக்குள் இறங்கியது.

அவர் வாசித்தார். தந்தியை இழுத்த இடத்தில் யாரோ ஒருவன் பாம்புபோல் "ஸ்ஸ்" என்று சீறினான். பிறகு அறையே சீறியது. அவர் பிரெண்டனைத் தேடினார். அவன் கையைப் பாம்புப் படம்போல் விரித்து ஆட்டிக்கொண்டு, எல்லோரையும்விடப் பலமாகச் சீறிக்கொண்டிருந்தான்.

முடிந்ததும் கைதட்டு கூரையைப் பிளந்தது. சச்சிதானந்தன் பல்லைக் காட்டிச் சிரித்தார். கழிப்பறைக்குப் போய் மூன்று தரம் தலையைக் கழுவியும் பியர் மணம் போகவில்லை.

"என்னப்பா, தலையெல்லாம் குடிமணம்?" வீட்டுக் கதவைத் திறந்த பவளம் மூக்கைப் பொத்தினாள்.

நடந்ததைச் சொன்னார்.

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"சிரிச்சனான்."

"சீ! போய் முழுகிப்போட்டு வாங்கோ."

திங்கட்கிழமை பிரெண்டன் உற்சாகமாக வந்தான். "கலக்கிவிட்டாய்! வாற ஞாயிறும் உன்னைக் கூட்டிவரச் சொல்லி டெஸ் கேட்டான்."

சச்சிதானந்தன் பென்சிலைக் கீழே வைத்தார். "அது உன் அம்மாவின் பாட்டு. அவள் உன் தமையனைக் கூப்பிடுகிற இடத்தில் நீ சீறினாய்."

பிரெண்டனின் முகம் சிவந்தது. "சும்மா பகிடிதானே" என்று தோளில் கை வைத்தான். புழு ஊர்ந்ததுபோல் இருந்தது. அவர் தோளை இழுத்துக்கொண்டார்.

"நானும் சிரித்தேன். நினைக்க நினைக்க என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. உனக்கு எப்படி என்று எனக்குத் தெரியாது."

அன்றே மேலாளரிடம் கேட்டு மேசையை மாற்றிக்கொண்டார். பிரெண்டனும் அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்தில் முணுமுணுப்பதில்லை.

மாதங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை கிற்றாரை எடுத்தார். பெயர் சொல்லிக் கூப்பிடும் இடத்துக்குக் கிட்ட வந்ததும் விரல் நின்றது. திரும்பத் தொடங்கினார். திரும்பவும் அங்கேயே நின்றது.

"ஏன் அதில நிப்பாட்டுறியள்?" பவளம் குசினியிலிருந்து கேட்டாள்.

"அதுக்கு அங்கால அவங்கள் சீறிக்கொண்டு நிக்கிறாங்கள்" என்றார்.