எதிர்ச்சாரியின் மேல் ஒரு கையெழுத்து

காலை எட்டரை மணிக்குத் தவ்ஃபீக் கடையின் ஷட்டரைத் தூக்கியபோது, தெரு நடுவில் முக்காலி மேல் ஒரு கருவியை வைத்து ஒருவர் எதையோ குறி பார்த்துக்கொண்டிருந்தார். ராயபுரம் நங்கூரத் தெருவில் அளப்பது புதிதல்ல. கேபிள் போட அளப்பார்கள், கால்வாய் தோண்ட அளப்பார்கள். தவ்ஃபீக் அதைப் பொருட்படுத்தாமல், லாரிக்காரர் ஒருவர் கேட்டிருந்த தார்ப்பாயைத் தரையில் விரித்து, கயிறு கோக்கும் பித்தளை வளையங்களை ஓரத்தில் அடிக்க உட்கார்ந்தார்.

பத்து நிமிடத்தில் பெயிண்ட் டப்பாவோடு இருவர் கடைக்குள்ளேயே வந்துவிட்டார்கள். விரித்திருந்த தார்ப்பாயின் மேல் செருப்புக் காலோடு நடந்து உள்ளே போய், பக்கச் சுவரில் சிவப்பு அம்புக்குறி ஒன்றைப் போட்டு, அதன் கீழே 14 என்று எழுதினார்கள்.

"இன்னாப்பா, வாசல்ல போடாம உள்ள வந்து போடறீங்க?"

"கோடு இங்கதான் பாய் வருது. எங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சொன்ன எடத்துல போடறோம்."

அவர்கள் போன பிறகு தவ்ஃபீக் எழுந்து, வாசலிலிருந்து அந்த அம்பு வரை அடி வைத்து நடந்து பார்த்தார். பதினோரு அடி. கடையின் மொத்த நீளமே பதினைந்துதான். மிச்சம் நாலு அடியில் தையல் மெஷினைக்கூடப் போட முடியாது.

துறைமுகத்துக்குப் போகும் லாரிகளை நம்பி அவருடைய வாப்பா ஆரம்பித்த கடை அது. வாப்பா போன பிறகு இருபத்து மூன்று வருடமாகத் தவ்ஃபீக் நடத்துகிறார். தெருவில் அவர் கடை இருக்கும் கிழக்குச் சாரியில் பதினான்கு கடை, மேற்குச் சாரியில் பன்னிரண்டு. பேட்டரிக் கடை, போல்ட் நட்டு கடை, வெல்டிங் பட்டறை, நேர் எதிரே கன்னியம்மாவின் வலைக்கயிறும் ஐஸ் பெட்டியும் விற்கும் கடை. அன்று எல்லாக் கடைக்குள்ளும் சிவப்பு அம்பு ஏறியிருந்தது. எப்போதும் தெருவுக்கே கேட்கும்படி பேசுகிற கன்னியம்மாகூட அன்று வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வாரம் பதிவுத் தபால் வந்தது. இரண்டு பக்கம், நெருக்கமான எழுத்து. சாலை விரிவாக்கத்துக்காக நில எடுப்பு என்ற வரியைப் படித்ததும் தவ்ஃபீக்கின் கண் அதற்கு மேல் நகரவில்லை. வாசலில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். எதிர்க்கடையில் கன்னியம்மாவும் கையில் ஒரு பழுப்பு உறையோடு நின்றிருந்தாள். இவரைப் பார்த்ததும் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தவ்ஃபீக்கும் தன்னுடையதைத் தார்ப்பாய்ச் சுருளுக்குள் ஒளித்தார். வீட்டில் மனைவி தாஹிராவிடமும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து தெருவில் பேச்சு குறைந்தது. டீ குடிக்கச் சேர்ந்து நிற்பவர்கள் தனித்தனியாகக் குடித்தார்கள். 'யாரிடமாவது கேட்டால் நம் கடைக் காகிதத்தில் இருக்கும் குறை வெளியே தெரிந்துவிடுமோ' என்று ஒவ்வொருவருக்கும் பயம். ஊருக்கு வெளியே கண்ணகி நகர்ப் பக்கம் தள்ளிவிடப் போகிறார்கள் என்றார் ஒருவர். ஒரே நாளில் இடித்துவிடுவார்கள் என்றார் இன்னொருவர். தெருமுனையில் மண் அள்ள வந்த ஜேசிபியின் சத்தம் கேட்டாலே தவ்ஃபீக் கையில் இருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினார்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் கடை திறந்ததும் அலெக்ஸாண்டர் வந்தான். கக்கத்தில் ஃபைல், சட்டைப் பையில் இரண்டு பேனா. நில எடுப்பு ஆபீஸில் தனக்கு எல்லாரையும் தெரியும் என்று சொல்லிக்கொள்பவன். உண்மையில் அவன், தெரு சீக்கிரம் காலியானால் லாபம் என்று காத்திருக்கும் சாலைக் காண்டிராக்டரின் ஆள் என்பது தெருவில் யாருக்கும் அப்போது தெரியாது.

"பாய், பட்டா யார் பேர்ல கீது?"

"வாப்பா பேர்ல."

"அவரு மவுத்தாயி எத்தினி வருசம்? இன்னும் மாத்தலியா? அப்ப நீ இந்தக் கடைக்கு யாரு? காயிதத்துல நீ யாருமே இல்ல பாய்."

அலெக்ஸாண்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"பயப்படாத. ரெண்டு பக்கமும் குறி போட்டுகிறாங்க, ஆனா எடுக்கப்போறது ஒரு பக்கந்தான். எந்தப் பக்கம்னு இன்னும் முடிவாவல. எதிர்ச்சாரி புறம்போக்கு, ஆக்கிரமிப்பு பண்ணிகினு கடை கட்டிகிறாங்கன்னு நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னா, கோடு அந்தப் பக்கம் நவுந்துடும். உன் சாரில நெறய பேரு போட்டாச்சு. நீ ஒருத்தன் போடலன்னா உன் கடை ஒண்டி ஃபைல்ல தனியா நிக்கும்."

"எதிர்ல கன்னிம்மாக்கா கடை கீதே சார். அவங்க பட்டா வெச்சிகிறாங்க, எனுக்குத் தெரியும்."

"உன் கடைய பாப்பியா, அவங்க கடைய பாப்பியா? பணம்கூடக் கேக்கல பாய். ஒரு கையெழுத்து. அவ்ளோதான்."

டைப் அடித்த தாளில் கையெழுத்துப் போடும்போது தவ்ஃபீக் எதிரே பார்க்கவில்லை. கொரோனா முதல் வருடம் அவர் மூச்சு வாங்கிக் கிடந்தபோது, ஆம்புலன்ஸ் வராமல் போக, கன்னியம்மாதான் மீன் ஏற்றும் தன் குட்டி யானை வண்டியில் அவரைப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டச் சொன்னாள். அது நினைவில் இல்லாமல் இல்லை. ஆனாலும் கை கையெழுத்தைப் போட்டு முடித்துவிட்டது.

பயம் அதோடு போகும் என்று நினைத்தார். அது இரட்டிப்பானது. கன்னியம்மா ஷட்டரை இறக்கும் சத்தம் கேட்டால் அவளுக்குத் தெரிந்துவிட்டதோ என்று தோன்றியது. அவளும் இவரைப் பார்க்கவில்லை. 'பாய், நாஸ்டா ஆச்சா' என்று தினமும் காலையில் குரல் கொடுப்பவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். 'தெரிந்துவிட்டது' என்று தவ்ஃபீக் தீர்மானித்தார். சோறு இறங்கவில்லை. தொழுகையில் ரக்அத் எண்ணிக்கை தவறியது.

மதியச் சாப்பாடு கொண்டுவந்த தாஹிரா ஒரு நாள், தைக்க வேண்டிய தார்ப்பாயைப் பிரித்தபோது அந்த உறை கீழே விழுந்தது. பன்னிரண்டாவது வரை படித்தவள். நின்றபடியே இரண்டு பக்கத்தையும் முழுதாகப் படித்தாள்.

"இன்னாங்க இது? நாளு போயிகினு கீது, சொல்லவே இல்ல?"

"சொல்லி இன்னா பண்றது? எடுக்கறானுங்க. எடுத்துட்டுப் போவட்டும்."

"முழுசா படிச்சீங்களா? ஆட்சேபணை இருந்தா முப்பது நாளுக்குள்ள எழுத்துல குடுக்கலாம்னு போட்டுகிறாங்க. நேர்ல வந்து சொல்லலாம், வர்ற வியாழக்கிழமை விசாரணைன்னும் போட்டுகிறாங்க. வாரிசு இருந்தா வாரிசுச் சான்றிதழ் கொண்டாரச் சொல்லிகிறாங்க. நம்மள யாருமே இல்லன்னு இதுல எங்க எழுதிகீது?"

தவ்ஃபீக் கீழே கிடந்த பித்தளை வளையங்களைப் பொறுக்க ஆரம்பித்தார். தாஹிரா அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னா பண்ணி வெச்சிகிறீங்க?"

அவர் சொன்னார். தாஹிரா சாப்பாட்டுக் கூடையை அப்படியே வைத்தாள்.

"எழுந்துருங்க. எதிர்க்கடைக்குப் போயி உங்க வாயால சொல்லுங்க. நாளைக்கு அவங்க ஆபீசர் வாயால இத்த கேட்டாங்கன்னா அப்பால நம்ம மூஞ்சிய எங்க வெச்சிக்கறது?"

தெருவின் அகலம் பதினெட்டு அடிதான். அதைக் கடக்க அவருக்குக் கால் வரவில்லை. கன்னியம்மா ஐஸ் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இவர் வருவதைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்ததை அவர் கவனித்தார். ஆனால் அது ஏன் என்று புரியவில்லை.

"அக்கா, உங்க கடை புறம்போக்குன்னு நான் எழுதிக் குடுத்துட்டேன். பயத்துல பண்ணிட்டேன். அடிக்கறதுன்னா அடிங்க."

கன்னியம்மா கையிலிருந்த ஐஸ் பெட்டியைக் கீழே வைத்தாள். பிறகு கடைக்குள் போய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு தாளின் நகலை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். கிழக்குச் சாரிக் கடைகள் அனைத்தும் புறம்போக்கு ஆக்கிரமிப்பு என்று அதில் இருந்தது. கீழே அவளுடைய கையெழுத்து. அவர் போட்ட தாளில் இருந்த அதே வரிகள். மேற்கு என்று இருந்த இடத்தில் கிழக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

"செவ்வாக்கெழம வந்தான் பாய், அந்தாளு. எடுக்கறது எங்க பக்கந்தான்னு சொன்னான். நடுங்கிப்போயி போட்டுக் குடுத்துட்டேன். அதுலேர்ந்து உன்ன பாக்கவே பேஜாரா கீது."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். திட்டவும் தோன்றவில்லை, அழவும் தோன்றவில்லை. தங்கள் இருவரையும் அந்த ஒருவனே ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறான் என்பது மட்டும் மெல்லப் புரிந்தது.

எழுதிக் கொடுத்ததை எல்லாரும் சேர்ந்து வாபஸ் வாங்கலாம் என்று சொல்ல, அன்று மாலையே இருவரும் கடை கடையாகப் போனார்கள். ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் எதுலயும் போடலியே" என்றார் பேட்டரிக் கடை கோதண்டம், பேட்டரியைத் துடைத்தபடி, நிமிராமல். அவர்கள் சுற்றி வந்த செய்தி அதற்குள் அலெக்ஸாண்டருக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில் தவ்ஃபீக்குக்கு போன் வந்தது.

"வாபஸ் வாங்கப் போறியாமே? பொய்யா எழுதிக் குடுத்தேன்னு உன் வாயால சொன்னேன்னு வையி, கேஸ் உன் மேலதான் பாய் வரும். உள்ள போயி உக்காரணும். யோசிச்சுக்க."

வியாழக்கிழமை நில எடுப்பு அலுவலகத்தில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறி ஓடியும் தவ்ஃபீக்கின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஜன்னலோரம் அலெக்ஸாண்டர் கைகட்டி நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். தனி வட்டாட்சியர் எழில்மொழி நடு வயதுப் பெண். ஃபைலைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"மேற்குச் சாரி ஆக்கிரமிப்புன்னு பதிமூணு பேர் எழுதிக் குடுத்திருக்கீங்க. கிழக்குச் சாரி ஆக்கிரமிப்புன்னு பதினோரு பேர். ரெண்டையும் சேர்த்தா மொத்தத் தெருவுமே ஆக்கிரமிப்புன்னு ஆகுது. ஆக்கிரமிப்புன்னா இழப்பீடு கிடையாது, காலி பண்ண நோட்டீஸ்தான் வரும். இதுதான் உங்க எல்லாரோட வாக்குமூலமா?"

தவ்ஃபீக் எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தார். போலீஸ் ஸ்டேஷன், லாக்கப், தாஹிரா தனியாக வாசலில் நிற்பது எல்லாம் கண்ணுக்குள் ஓடின. பக்கத்தில் கன்னியம்மாவின் மூச்சு வேகமாக வாங்குவது கேட்டது. அவளும் இதே பயத்தில்தான் இருக்கிறாள் என்று தெரிந்தபோது, எப்படியோ எழுந்துவிட்டார்.

"மேடம், பதினாலாம் நம்பர் கடை நான். நான் எழுதிக் குடுத்தது பொய். எதிர்க்கடைக்குப் பட்டா கீதுன்னு தெரிஞ்சேதான் போட்டேன். தோ அந்த ஆளு தாளைக் கொண்டாந்தாரு. என் மேல கேஸ் போட்டாலும் சரி, அத்த ரத்து பண்ணிடுங்க."

எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். கன்னியம்மா எழுந்து தன் நகலை மேசை மேல் வைத்தாள். "நானும் பொய்தாம்மா போட்டேன். ரெண்டு தாளையும் பக்கத்துல வெச்சிப் பாருங்க, ஒரே மெஷின்ல அடிச்சது."

பிறகு பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது. கோதண்டம் எழுந்து நின்றார். கையைத் தூக்கினார். அப்புறம் வெல்டிங் பட்டறைக்காரர். அப்புறம் போல்ட் கடைக்காரர். அலெக்ஸாண்டர் இருந்த இடத்தில் இப்போது ஜன்னல் மட்டும் இருந்தது.

"ரோடு வர்றத நான் நிறுத்த முடியாது" என்றார் எழில்மொழி. "ஆனா நீங்க சொல்றத பதிவு பண்ணுவேன். ஒவ்வொருத்தரும் கைப்பட எழுதிக் குடுங்க. பட்டா, வரி ரசீது, வாரிசுச் சான்றிதழ் இருக்கறவங்க கொண்டு வாங்க. பொய் வாக்குமூலம் குடுத்ததுக்கு விசாரணை வரும், அதையும் சொல்லிடறேன்."

இருபத்து நான்கு பேரில் பத்தொன்பது பேர் திரும்பப் பெற்றார்கள். ஐந்து பேர் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. தவ்ஃபீக்கையும் கன்னியம்மாவையும் காவல் நிலையத்துக்கு இரண்டு முறை கூப்பிட்டார்கள். அங்கே பெஞ்சில் மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். மூன்றாவது முறை கூப்பிடவில்லை. பழைய பதிவேடுகளை வைத்து மறு அளவை நடந்தது. பதினோரு அடி என்றிருந்தது ஐந்தரை அடியானது. இரண்டு சாரிக்கும் இழப்பீடு உண்டு என்று உத்தரவு வந்தது. ஆனாலும் சாலை வந்தது. முனையிலிருந்த மூன்று கடைகள் முழுதாகப் போயின. அதில் கோதண்டத்தின் பேட்டரிக் கடையும் ஒன்று. அவர் இப்போது எம்.கே.பி. நகரில் வாடகைக் கடையில் இருக்கிறார்.

ஜேசிபி வந்த நாளில் தவ்ஃபீக்கும் கன்னியம்மாவும் தெருவோரம் நின்று, தங்கள் கடைகளின் முன்பக்கம் சரிவதைப் பார்த்தார்கள். தூசியில் இருவருக்கும் இருமல் வந்தது.

"அக்கா, எம்மேல இன்னும் கோவம் கீதா?"

"இல்லாம இன்னா? உனுக்கும் எம்மேல கீது. ரெண்டு பேரும் பண்ணது தப்பு, அத்த மூடி மறைக்க இன்னா கீது?" கன்னியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ரோட்டுக்கு எடம் எடுக்க கெவுருமென்ட்டுக்குச் சட்டம் கீது பாய். எதுத்துக் கேக்க நமக்கும் சட்டம் கீது. அந்த நோட்டீச எடுத்துகினு அன்னிக்கே பக்கத்துக் கடைக்குப் போயிருந்தா, கோதண்டம் கடைக்காவும் சேந்து வாதாடியிருக்கலாம். நாம இன்னா பண்ணோம்? பயத்த யார்கிட்டயும் சொல்லாம உள்ள வெச்சிகினு, பக்கத்துல கீறவனப் புடிச்சிக் குடுத்தோம். கடைய இடிக்கறது மெஷினு. நம்மள இடிச்சது நம்ம கையெழுத்து."