தண்டச்சோற்றின் மகள்

மாமனார் குதிரைக்குட்டியின் முகத்துக்கு மறுபடியும் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். சுற்றி மினுங்கினால் கண் பெரிதாகத் தெரியுமாம். அரபுக் குதிரைக்குக் கண்ணும் குழிந்த முகமும்தான் பாதி விலை. மீதி விலை, அவர் கணக்கில், குட்டியின் அப்பா வாங்கிய கோப்பைகள். அவற்றைக் காலையிலேயே லாயத்து வாசலில் அடுக்கிவிட்டார்.

குட்டியின் அம்மாவை மட்டும் பின்பக்கம் கட்டச் சொன்னார். அது என் பிறந்த வீட்டிலிருந்து என்னோடு வந்த குதிரை. முதுகு கொஞ்சம் தொய்ந்தது, எந்தப் போட்டிக்கும் போகாதது. மாமனார் அதற்கு வைத்த பெயர் தண்டச்சோறு. இந்த வியாபாரம் முடிந்ததும் அதை யார் தலையிலாவது சும்மா கட்டிவிடப் போவதாக நேற்றுச் சாப்பிடும்போது சொன்னார். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

வாங்க வந்த அம்மாள் கோப்பைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குட்டியை நடக்கவிட்டார், ஓடவிட்டார். அதன் வால் கொடி மாதிரி எழுந்தது. குளம்பைத் தூக்கிப் பார்த்தார்.

“இதோட தாய் எங்க?”

“அப்பன் யாருன்னு தெரியுமில்ல?” என்று மாமனார் வாசலைக் காட்டினார்.

“அவன் குட்டிங்க எங்கிட்டயே நாலு நிக்குதுங்க. ஒண்ணுகூட இப்படி நடக்கல. தாயைக் காட்டுங்க.”

நான் யாரையும் கேட்காமல் பின்பக்கம் போனேன். கட்டை அவிழ்த்துக் கூப்பிட்டேன், கயிறில்லாமலே கூட வந்தது. பிடரியில் வைக்கோல், எண்ணெயும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அந்த அம்மாள் அதன் கால்களைத் தடவினார். அது ஈன்ற மற்றக் குட்டிகளைப் பற்றிக் கேட்டார். பிறகு அதன் தாயை, தாய்க்குத் தாயை. என் பிறந்த வீட்டில் குதிரைக்குத் தாய்வழிதான் வம்சம். நான் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனேன். பெருமையில் என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

குட்டிக்கு மாமனார் சொன்ன விலைக்கு அந்த அம்மாள் பேரமே பேசவில்லை. “தாயையும் கொடுத்துடுங்க. குட்டி விலையில ரெண்டு மடங்கு தர்றேன்.”

மாமனார் எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அதுக்கு நான் விலை சொல்லக் கூடாதுங்க. அது எங்க மருமக குதிரை. அவளைக் கேளுங்க.”

கோப்பைகளைப் பற்றிப் பேசும் அதே குரலில்தான் ‘எங்க மருமக’ என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தண்டச்சோறு மகளின் மினுங்கும் முகத்தை முகர்ந்து, பெரிதாகத் தும்மிவிட்டு, கோப்பைகளுக்கு முன்னால் வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது.